ஆங்கிலத் தாளும் கமக்காரன் வீடும்

சென்ற மாதம் பரந்தன் பகுதிக் கமக்காரர் ஒருவர் வாய்க்கால் எல்லை வழக்கொன்றின் பொருட்டு எம்மை நாடி வந்தார். உறுதியையும் நிலஅளவைப் படத்தையும் மேசைமேல் விரித்து ஒரு மணி நேரம் பேசினோம். பேச்சு முடிந்தும் அவர் எழுந்தாரில்லை. சால்வை நுனியை விரலிற் சுற்றியவாறு சற்று இருந்துவிட்டு, "ஐயா, இன்னொரு விசயம். மூத்த பிள்ளை வாற முறை ஓ.எல். எடுக்கிறாள். கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் நல்லாச் செய்யிறாள். உந்த இங்கிலிசுதான் ஓடுதில்லை. எந்த ரியூசனுக்கு விடலாம் எண்டு சொல்லுங்கோ" என்றார். வீட்டில் இருத்திப் படிப்பித்தால் என்ன என்று கேட்டோம். அவர் சிரித்தார். "ஏ, பி, சி, டி தெரியாத வீட்டிலை ஆர் ஐயா படிப்பிக்கிறது?"

அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கவில்லை, நாணம் இருந்தது. நெல்லின் நிறம் பார்த்து நோயைச் சொல்லும் மனிதர், வானத்தைப் பார்த்து விதைப்பு நாளைக் குறிக்கும் மனிதர், தம் மகளின் பாடப் புத்தகத்தின் முன் ஊமையாய் நிற்கிறார். இந்த நாணம் அவர் ஒருவருக்கு உரியதன்று. வன்னியிலும் வலிகாமத்திலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் ஆயிரமாயிரம் பெற்றார் இதனைச் சுமந்து திரிகின்றனர். ஆங்கிலம் தெரிந்த வீட்டில் மட்டுமே ஆங்கிலம் விளையும் என்னும் எண்ணம் வெள்ளையன் விட்டுச்சென்ற சொத்துகளுள் ஒன்று. அவனுடைய ஏனைய சொத்துகளை நாம் பங்கிட்டுக்கொண்டோம். இதனை மட்டும் ஏழைகளுக்கென ஒதுக்கிவிட்டோம்.

முதலில் நிலைமையை உள்ளவாறு நோக்குவோம். எமது பிள்ளைகள் மூன்றாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலத்தை முறையாகப் பயில்கின்றனர். ஆயினும் க.பொ.த. சாதாரண தரத்தில் தேறி உயர்தரம் செல்வதற்கு ஆங்கிலத்தில் சித்தி கட்டாயமன்று. தாய்மொழியும் கணிதமுமே கட்டாயமானவை. உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்று ஒரு தாள் உண்டு. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளியிற் சேர்வதில்லை. ஆக, சட்டப்படி ஒரு பிள்ளை ஆங்கிலத்தைத் தொடாமலே பல்கலைக்கழக வாயில்வரை போகலாம். வாயிலைத் தாண்டியதும் மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலே காத்திருக்கின்றன. படிகளை எல்லாம் கட்டி முடித்து, கடைசிப் படியை மட்டும் இல்லாமற் செய்த கொத்தனாரை நாம் என்னவென்று அழைப்போம்?

நீதித்துறையிலும் இதே கதைதான். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதென 2020இல் வந்த விதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அது சரியான முடிபே. ஆயினும் தமிழிலே சட்டம் பயின்று வெளிவரும் இளைஞன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்றால், அங்கே ஓடுவது ஆங்கிலமே. விதியைத் தோற்கடித்த 2023ஆம் ஆண்டு வாக்கெடுப்பு அவன் கையில் ஓர் ஆங்கில வாக்கியத்தையும் வைக்கவில்லை.

"தமிழுக்குப் போராடும் நீங்களா ஆங்கிலத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?" என நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தை எமது முன்னோர் எதிர்த்தது, ஒரு மொழியைப் படிக்க மறுத்தமையால் அன்று. ஒரு மொழி தெரியாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியமையாலேயே. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை இன்று சிங்களத்தையும் தமிழையும் அரசகரும மொழிகள் என்கிறது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இணைப்பு என்பது இரு கரையிலுள்ளாரும் ஏறக்கூடிய பாலமாயின் நன்று. ஒரு சிலர் மட்டும் ஏறுவதாயின் அது பாலமாகாது, சுங்கச்சாவடியாகும்.

ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்றவர். பின்னர் 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவ ஆங்கில வித்தியாசாலையொன்றைத் தாமே தொடங்கியவர். சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டையிலே கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, புதுக்கோட்டையில் நீதிபதியாயும் இருந்தவர். கலித்தொகையையும் தொல்காப்பியப் பகுதிகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த கை அவருடைய கை. ஆங்கிலம் அந்தக் கையிலிருந்து தமிழைப் பறிக்கவில்லை. இதற்குமேல் இந்த வாதத்தை நீட்ட நாம் விரும்பவில்லை, பரீட்சை நெருங்குகிறது.

இனிக் காரியத்துக்கு வருவோம். ஆங்கிலம் அறியாத பெற்றார் வீட்டில் என்ன செய்யக்கூடும்?

முதலாவதாக, தாளின் உருவத்தை அவர் அறிந்துகொள்ளல் வேண்டும். சாதாரண தர ஆங்கிலத்தில் தாள் இரண்டு. ஒன்று ஒரு மணித்தியாலம்; மற்றையது இரண்டு மணித்தியாலம். வெற்றிடம் நிரப்பலும், பந்தி வாசித்து விடையளித்தலும், சிறு குறிப்பு, கடிதம், வரைபட விளக்கம், கட்டுரை என்பனவுமே அவற்றில் வருவன. 35 புள்ளி பெற்றால் சித்தி. 50 என்றால் சி. 75 என்றால் ஏ. எவரும் அங்கே ஷேக்ஸ்பியரைக் கேட்பதில்லை. கடந்த ஆண்டு வினாத்தாள்கள் கடைகளிற் கிடைக்கின்றன. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் உண்டு. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலை, தந்தை மணிக்கூட்டை மேசைமேல் வைத்து, தாளைக் கொடுத்து, நேரம் முடிந்ததும் வாங்கி வைக்கட்டும். நீதிமன்றத்து முதலியார் வழக்கின் சட்டத்தை அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. வழக்கை அழைக்கவும் ஒழுங்கைக் காக்கவும் தெரிந்தாற் போதும். அவர் இல்லாமல் மன்று நடப்பதுமில்லை. பிள்ளைகள் பலர் இரண்டாம் தாளின் இறுதிக் கட்டுரையைத் தொடாமலே எழுந்து வருவதற்கு ஆங்கிலம் தெரியாமை மட்டும் காரணமன்று. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழகாமையும் காரணம்.

இரண்டாவது வழியை எமக்குக் கற்பித்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். 1995இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாமும் நடந்தோம். வயது பதினாறு. பையில் அரிசி இருந்தது. அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் இருந்தது. மாமரத்தின்கீழ் அப்பெரியவர் அப்புத்தகத்திலிருந்து ஐந்து வரியைக் காட்டி, "தம்பி, இதைத் தமிழிலை எழுது" என்பார். எழுதுவோம். புத்தகத்தை மூடிவிடுவார். மறுநாள் எமது தமிழைத் தந்து, "இப்ப இதை இங்கிலிசிலை எழுது" என்பார். பின்னர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். எங்கே பிசகினோம் என்பதைப் புத்தகமே சொல்லும். ஆசிரியர் வாய்திறக்க வேண்டியதில்லை. முதலாம் எலிசபெத்து அரசியின் ஆசிரியராயிருந்த ரோஜர் அஸ்கம் என்பார் இலத்தீனைக் கற்பிக்க இதே முறையைத்தான் எழுதிவைத்தார் என்றும், அவருடைய நூல் 1570இல் வெளிவந்தது என்றும் பல்லாண்டின் பின்னர் அறிந்தோம். மாமரத்தடிக்கு அது எவ்வாறு வந்து சேர்ந்ததோ அறியோம்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், இதிற் பாதி வேலை தமிழிலே நடக்கிறது. பிள்ளை எழுதிய தமிழ் தமிழாக இருக்கிறதா, கருத்து விளங்குகிறதா என்று தீர்ப்புச் சொல்லத் தகுந்தவர் யார்? ஆங்கிலம் அறியாத அந்தத் தந்தையும் தாயுமே. "இது என்ன பிள்ளை, 'அவன் ஒரு நல்ல நேரத்தைக் கொண்டிருந்தான்' எண்டு எழுதியிருக்கிறாய்? ஆர் அப்பிடிக் கதைக்கிறது?" என்று தாய் கேட்டால், அவ்விடத்திலே பிள்ளை இரு மொழிகளின் வேறுபாட்டையும் கண்டுகொள்கிறாள். நாளுக்கு ஐந்து வரி, நாற்பது நிமிடம். அதற்குமேல் வேண்டியதில்லை.

எமது பிள்ளைகள் செய்யும் பிழைகளை நாம் கூர்ந்து பார்த்திருக்கிறோம். அவை அறிவின்மையால் வருவன அல்ல. பெரும்பாலானவை தமிழின் நல்லிலக்கணத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுசெல்வதால் வருவன. "அப்பா கமக்காரர்" என்பது தமிழில் நிறைவான வாக்கியம், வினைச்சொல் வேண்டியதில்லை. அதனையே பிள்ளை "மை ஃபாதர் ஃபாமர்" என எழுதுகிறாள். ஆங்கிலமோ "மை ஃபாதர் இஸ் எ ஃபாமர்" என இரண்டு சிறு சொற்களை வற்புறுத்திக் கேட்கிறது. "எனக்கு இரண்டு மாடு உண்டு" என்னும்போது மாடே எழுவாய். ஆங்கிலத்திலோ உடையவனே எழுவாயாகி, "ஐ ஹாவ்" எனத் தொடங்குகிறான். மொழியிலும் அவர்களுக்கு உடைமைதான் முன்னுக்கு நிற்கிறதோ என நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

"எ" என்பதும் "த" என்பதும் எம்மவரைப் பெரிதும் வருத்துவன. தமிழில் அவற்றுக்கு நிகரில்லை என ஆசிரியர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முற்றாக இல்லையென்று சொல்வதற்கில்லை. "அவர் மாடு வாங்கினார்" என்றால் ஏதோ ஒரு மாடு. "அவர் மாட்டை வாங்கினார்" என்றால் நாம் முன்னரே பேசிய அந்த மாடு. இரண்டாம் வேற்றுமை உருபு ஏறியதும் மாடு குறித்த மாடாகிவிட்டது. முதல் வாக்கியத்தின் மாட்டுக்கு ஆங்கிலத்தில் "எ". இரண்டாம் வாக்கியத்தின் மாட்டுக்கு "த". எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆயினும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. இதனைச் சந்தைக்குப் போய்வந்த எந்தக் கமக்காரரும் தம் பிள்ளைக்கு விளக்கலாம்.

"ஹீ" என்று வந்தால் வினையின் இறுதியில் எஸ் என்னும் எழுத்தைச் சேர்க்க மறந்துவிடுவதும் பொதுவான குறை. பிள்ளை சோர்ந்துபோனால் அவளிடம் இதைக் கேளுங்கள்: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள், போகின்றன — இத்தனை விகுதியையும் ஐந்து வயதுக்குள் யார் உனக்குக் கற்பித்தார்? இத்தனையையும் பிழையறச் சொல்லும் நாவுக்கு ஒரேயொரு எஸ் பாரமா? அவ்வாறே "டிட்" என்னும் சொல் வந்தபின் "வென்ற்" என எழுதுவதும். இறந்தகாலத்தை "டிட்" ஏற்றுக்கொண்டபின் பின்னால் வருவது வெறும் "கோ" மட்டுமே. தமிழிலும் "நேற்றுப் போகவில்லை" என்கிறோமேயன்றி, "போனேன் இல்லை" என அன்றாடம் பேசுவதில்லையே. இடத்துக்கும் காலத்துக்கும் வரும் சிறு சொற்களை இவ்வாறு நினைவிற் கொள்ளலாம்: மணிக்கு "அற்", கிழமைக்கு "ஒன்", மாதத்துக்கும் ஆண்டுக்கும் "இன்".

வீட்டிலே ஆங்கிலம் இல்லை என்று சொல்வோர் கண்ணைத் திறந்து பார்க்கட்டும். சட்டைப் பையிலுள்ள பணத்தாளில் மூன்று மொழி. கிருமிநாசினிப் போத்தலின் சுட்டியில் மூன்று மொழி. வீதிப் பெயர்ப்பலகையில் மூன்று மொழி. வர்த்தமானியும் சட்டங்களும் மூன்று மொழியில் வெளிவருகின்றன. அரசாங்கம் எமக்குத் தந்த இலவச ஆங்கில வாசகம் இதுவே. அதனை நாம் வாசிப்பதில்லை. மூடிய போத்தலின் சுட்டியைப் பிள்ளை இரு மொழியிலும் வாசித்து, எத்தனை நாளுக்குப் பின் அறுவடை செய்யலாம் என்பதைத் தந்தைக்குச் சொல்லட்டும். அது பரீட்சைக்கும் உதவும், உயிருக்கும் உதவும். பெயர்ப்பலகைகளிலே தமிழ் சிதைந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு அப்பிழைகளைக் கண்டுபிடிக்கும் பிள்ளை இரட்டைப் பயன் அடைகிறாள். கண்ட பிழையை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதி அனுப்பினால் பயன் மூன்றாகும்.

வரைபட விளக்கம் பற்றி ஒரு சொல். தாளிலே காட்டப்படும் வரைபடம் பெரும்பாலும் பிள்ளைக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு நூலகத்தையோ போக்குவரத்தையோ பற்றியதாக இருக்கும். வீட்டிலோ வேறு வகையிற் பழக்கலாம். காலபோகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கடந்த சில ஆண்டுக் கணக்கைத் தந்தை சொல்லட்டும்; மகள் அதனைச் சதுரக் கோட்டுத் தாளில் நிரல்களாக வரையட்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டுக் காலபோகத்தின் நிரல் எவ்வளவு தாழ்ந்து நிற்கும் என்பதை எந்தக் கமக்காரருக்கும் நாம் சொல்லவேண்டியதில்லை. "ஃபெல்" என்னும் சொல்லையும் "பிகோஸ்" என்னும் சொல்லையும் அந்த நிரலுக்கருகில் எழுதிய பிள்ளை ஒருபோதும் மறவாள்.

கடிதம் எழுதப் பழக்கும்போது கமநல சேவை நிலையத்துக்கு உரம் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஆங்கிலக் கடிதம் பயிற்சிக் கொப்பியோடு நிற்கட்டும். நிலையத்துக்கு அனுப்பும் கடிதம் தமிழிலேயே போகவேண்டும். அது எமது உரிமை.

தனியார் வகுப்புகளை நாம் முற்றாக வெறுப்பவரல்லர். நல்ல ஆசிரியர் சிலர் அங்கும் உளர். ஆயினும் இருபது கட்டுரைகளை அச்சிட்டுக் கொடுத்து மனனஞ் செய்விக்கும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கேட்கப்பட்டது கடலைப் பற்றி, மனனஞ் செய்தது காட்டைப் பற்றி எனின், பிள்ளை கடலுக்குள் மரம் நடுகிறாள். தானே ஆக்கிய எளிய பத்து வாக்கியம், பிறர் ஆக்கிய பகட்டான இருபது வாக்கியத்தினும் மேலானது. திருத்துவோர் கண்ணுக்கு எது எவருடையது என்பது தெரியாமற் போவதில்லை.

எமது பிழையொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். எமது மருமகன், தமக்கையின் மகன், பத்தாம் தரத்தில் இருந்தபோது அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முன்வந்தோம். அவன் எழுதிய முதற் பக்கத்தைச் சிவப்பு மையால் நிறைத்தோம், முப்பத்தொரு பிழை. நீதிமன்றிலே எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் ஒவ்வொன்றையும் கேட்டோம். அதன்பின் ஒரு மாதம் அவன் எம் கையில் ஒரு தாளையும் தரவில்லை. "மாமா, எழுதினாத்தானே பிழை வரும்" என்றான் பிறகு ஒருநாள். அன்று தொடக்கம் வாரத்துக்கு ஒருவகைப் பிழையை மட்டுமே திருத்துவதென முடிவு செய்தோம். ஏனையவற்றைக் கண்டும் காணாதிருந்தோம். படித்த பெற்றாரே இத்தவற்றைப் பெரிதும் செய்வர். ஆங்கிலம் அறியாத தந்தை இந்த விடயத்தில் எம்மினும் பாதுகாப்பானவர்.

இனிப் படித்த பெருமக்களுக்கு. வைத்தியர்களே, பொறியியலாளர்களே, கணக்காளர்களே, எமது சட்டத்தரணி நண்பர்களே! வன்னிப் பாடசாலைகளிலே ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதனைத் தீர்ப்பது அரசின் கடமை. அதற்கு நாம் குரல் கொடுப்போம், மனுவும் கொடுப்போம். ஆயின் மனுவுக்கு விடை வரும்வரை பதினாறு வயது பதினாறிலே நின்றுகொண்டிராது. நீங்கள் 1945இல் வந்த இலவசக் கல்வியின் நிழலில் வளர்ந்தவர்கள். உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு நீள வாங்கு போட இடமுண்டு. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அயலிலுள்ள ஐந்து பிள்ளைகளை அழையுங்கள். இலக்கணம் நடத்தவேண்டாம், சத்தமிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எம் பிள்ளைகளின் ஆங்கிலம் கண்ணோடு நின்றுவிட்டது. காதுக்கும் வாய்க்கும் வரவில்லை. வாசிப்பதைக் கேட்கவும், உச்சரிப்பைச் சிரிக்காமல் திருத்தவும் ஒருவர் இருந்தாற் போதும். சிரிக்காமல் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். ஒரு சிரிப்பு ஒரு பிள்ளையின் வாயைப் பத்தாண்டுக்கு மூடிவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

பரந்தன் கமக்காரர் சென்ற வாரம் வழக்குத் தவணைக்கு வந்திருந்தார். எதிர்வாதி வராமையால் வழக்குத் தள்ளிப்போடப்பட்டது. வெளியே வேம்பின்கீழ் நின்று, உறுதிகள் வைத்திருந்த பையினுள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். இடப் பக்கத்தில் மகளின் ஆங்கிலம். வலப் பக்கத்தில் அவளுடைய தமிழ். தமிழ் வரியொன்றின் கீழே பென்சிலால் கோடிட்டு, உருண்டையான எழுத்திலே, "இப்படிச் சொல்வதில்லை" என எழுதியிருந்தது. அது யாருடைய கையெழுத்து என்று கேட்டோம்.

"என்ரைதான் ஐயா" என்றார்.

அடுத்த தவணை வரும் மாதம் 18ஆம் நாள். கொப்பியையும் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறோம்.